இதழுக்கு அடியில் இரண்டு வரி

காதை ஒட்ட வைத்தால் மட்டும் கேட்கும் ஒரு சத்தத்திலிருந்து என் பதினோராவது வயது தொடங்குகிறது. செய்தித்தாளின் மேல் எறும்பு ஊர்ந்தால் எழக்கூடிய அளவுக்குச் சன்னமான சத்தம், ஆனால் எந்த எறும்புக்கும் இல்லாத அவசரம் அதற்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், மாட்டுங்காவில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டின் மொசைக் தரையில் தலையணை இல்லாமல் படுத்துத் தூங்கும் விஜயா சித்தியின் இடது கையை மெல்ல இழுத்து என் காதின் மேல் கவிழ்த்துக்கொள்வேன். அவளுடைய வியர்வையும் பவுடரும் உடம்புச் சூடு ஏறிய தங்கமும் கலந்த வாசனைக்குள் அந்தச் சத்தம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்; வெளியே ரயில்கள் போகும், அவற்றின் நேரம் வேறு, இதன் நேரம் வேறு என்பதுபோல.

சித்தி அம்மாவின் தங்கை. பாலக்காட்டில் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்தாள். அந்த ஆபீஸின் கட்சிக்காரர்களில் ஒருத்தி மலபார் ஹில்லில் தனியாக வசித்த பார்ஸிக்கார விதவை, எழுபது வயதைத் தாண்டியவள். சித்தி அவளை "மேடம்" என்றே சொல்வாள். மேடத்துக்குக் கை நடுக்கம். சனிக்கிழமைதோறும் சித்தி போய் அவள் சொல்லச் சொல்லக் கடிதங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். மூன்று வருஷம் அப்படிப் போனது. மேடம் லண்டனில் இருந்த மகளோடு போய்விடத் தீர்மானித்து வீட்டைக் காலி செய்தபோது, சமையல்காரனுக்கு ரேடியோ, டிரைவருக்குக் கட்டில், சித்திக்கு இந்த வாட்ச்.

பார்வைக்கு அது வாட்சே இல்லை. பாம்புச் சட்டையைப் போல் வளைகிற, பின்னல் பின்னலான தங்கப் பட்டை. நடுவில் ஐந்து இதழில் ஒரு பூ. இதழ்களில் பொடிச் சிவப்புக் கற்கள், மையத்தில் ஒற்றை வைரம். கீழ் இதழை நகத்தால் நெம்பினால் "க்ளிக்" என்று பூ முழுவதும் மூடியாகத் திறக்கும். அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு முகம், அதில் தலைமயிர் போல இரண்டு முள். மேடத்தின் காலத்தில் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பெண் மணி பார்த்தால் அது மரியாதைக் குறைவாம். 'எப்போது கிளம்புவீர்கள்' என்று விருந்தாளியைக் கேட்பதற்குச் சமமாம். அதற்காகத்தான் நேரத்தைப் பூவுக்கு அடியில் ஒளித்தார்களாம். இதை சித்தி சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த வாட்சின் மேல் ஒரு கிறக்கம் பிடித்தது. எட்டு நாற்பத்திரண்டு ஸ்லோ ரயிலைத் தவறவிட்டால் எட்டு ஐம்பத்தொன்று, அதையும் விட்டால் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பயந்து வாழ்ந்த எங்கள் கட்டடத்தில், நேரத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே ஒருவன் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கல் பதித்திருக்கிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

நேரம் காட்டுவதிலும் அது சுத்த மோசம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம் பின்தங்கும். சித்தி தினமும் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வாள். "மணியை மேய்ச்சுண்டு வரேன்" என்று சொல்லித்தான் காலையில் படியிறங்குவாள். ரயிலில் லேடீஸ் டப்பாவில் யாராவது அறுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருப்பாள், கூட வரும் மராத்திக்காரிகள் "ஹாத் கோ க்யா ஹுவா?" என்று கையைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, ஒருத்தி மஞ்சள் பற்றுப் போடச் சொல்லி, இன்னொருத்தி எலும்பு டாக்டரின் விலாசம் கொடுத்து, கடைசியில் அது ஆறாத காயம் என்றே முடிவாகிவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் அதை வாட்ச் என்றும் சொல்ல மாட்டாள், வளை என்றும் சொல்ல மாட்டாள். "அந்தச் சாமான்."

"ஏன்டி, லெட்டர் எழுதினதுக்கு யாராவது வைரம் குடுப்பாளோ?"

"குடுத்தாளே."

"யாரும் கேட்டா வளைன்னே சொல்லிக்கோ. வாட்ச்னு சொன்னா கதை வளரும்."

அப்பா ரயில்வே குமாஸ்தா. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கேட்டயா, கிழவி சந்தோஷமாக் குடுத்தது, இருந்துட்டுப் போறது" என்பார். அவர் சந்தேகப்பட்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சந்தேகம் எங்கள் வீட்டில் வாய் விட்டுப் பேசப்படவில்லை. காப்பி டம்ளர் கீழே வைக்கப்படும் சத்தத்தில் அது இருந்தது.

அந்த வருஷம் சித்திக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ராமு மாமா என்று அப்பாவின் தூரத்து உறவினர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பையன் இன்ஜினியர், அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ். எல்லாம் பொருந்தியிருந்தது. எனக்குத்தான் பொருந்தவில்லை. கீழ் வீட்டு ஷோபா என்னைவிட இரண்டு வயது பெரியவள், எல்லாம் தெரிந்தவள். "அங்க சும்மா போக முடியாது தெரியுமா? கேட்ல பந்தூக் வெச்சுண்டு நிப்பா. பாஸ் இல்லேன்னா சீதா வாபஸ்" என்றாள். துப்பாக்கிக்காரன் நேரே திருப்பி அனுப்பிவிடுவானாம். மறுநாள் காலை சித்தியோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய்க் கேட்டேன்: "பாஸ் இருந்தாத்தான் உன்னைப் பாக்க முடியுமா சித்தி?" அவள் சிரித்துக்கொண்டே என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது.

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சித்தியின் கைகளைப் பிடித்து வளைகளை எண்ணினாள். இடது கைக்கு ஒன்று போதவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்ப்பார்கள். அம்மா கொஞ்ச நேரம் பீரோவுக்கு முன்னால் நின்றாள். பிறகு அந்தச் சாமானை அவளே எடுத்து வந்து மாட்டிவிட்டாள். "மூடியே வெச்சுக்கோ. வளைதான் இது."

பையன் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் அவருடைய அம்மா. பஜ்ஜியைப் பாராட்டினாள், ஃப்ளாட்டில் காற்று வருகிறதா என்று விசாரித்தாள், சித்தி குனிந்து தட்டு வைத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்த வளை பேஷா இருக்கே. எங்க பண்ணினது?"

"எங்காத்துப் பழசு மாமி," என்றாள் அம்மா, ஒரு நொடி கூடத் தாமதிக்காமல்.

நான் கதவோரம் பட்டுப் பாவாடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட எனக்கு ஒன்று அதிகமாகத் தெரியும் என்ற பெருமை என் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் அப்போது இல்லை. இதை நான் எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"வளை இல்ல மாமி, வாட்ச்!" என்று ஓடிப்போய்க் கீழ் இதழை நெம்பினேன். க்ளிக்.

எல்லோரும் சிரித்தார்கள். பையன் எழுந்தே வந்துவிட்டார். குனிந்து, சித்தியின் மணிக்கட்டுக்கு அருகே காதைக் கொண்டுபோய், தொடாமல் கேட்டார். "இதுக்குள்ள இவ்வளவு சின்ன மெஷினை எப்படி வெச்சான்!" என்று சித்தியைப் பார்த்து, அவளைப் பார்த்தே, சொன்னார். சித்தியின் காது மடல் சிவந்தது. அந்த அரை நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"மூடிக்குள்ள என்னமோ எழுதியிருக்கே," என்றாள் பையனின் அம்மா. "நீ கான்வென்ட்ல படிக்கறயாமே. எங்கே, படி பாப்போம்."

விருந்தாளிக்கு முன்னால் குழந்தையை ஏதாவது படிக்கச் சொல்வதும், குழந்தை படிப்பதும், பெற்றவர்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருப்பதும் எங்கள் வீடுகளில் சகஜம். நான் நிமிர்ந்து நின்று, மிஸ் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பில் படித்தேன்.

"ஃபார் எவர் யுவர்ஸ், ஜே."

பேஷ் என்று யாரோ சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

"என்றென்றும் உன்னுடைய ஜே," என்று பையனின் அம்மா தமிழில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "யாரு அந்த ஜே?"

"எனக்கு இதைக் குடுத்த மேடத்தோட ஆத்துக்காரர்," என்றாள் சித்தி. "மேடத்துக்கு அவர் குடுத்தது."

"இப்போதானே உங்கக்கா 'எங்காத்துப் பழசு'ன்னா?"

நடந்தது அவ்வளவுதான். அம்மாவின் பொய் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சித்தியின் உண்மைக்கு நாற்காலி இல்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து ராமு மாமா வந்தார். பையனுக்குப் பிடித்திருக்கிறதாம். அவனுடைய அம்மாதான் பிடிவாதமாம். "அந்த எழுத்துக்கு சரியான பதில் ஒண்ணு சொல்லுங்கோ. அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பாளாம்."

அம்மா சித்தியை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாலும் அந்த வீட்டில் எதுவும் மறைவு இல்லை.

"உள்ளதைச் சொல்லிடு விஜயம். ஆபீஸ்ல யாராவது... நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்லியாச்சே அக்கா."

"இன்னொரு தரம் சொல்லேன்."

"ஒரு தரத்துக்கு மேல சொன்னா அது பொய் மாதிரி ஆயிடும்."

"அந்தக் கிழவிக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேளேன்."

"என்னன்னு கேக்கறது? என் அக்கா என்னை நம்பலை, சர்ட்டிபிகேட் அனுப்புங்கோன்னா?"

அந்த வாரம் சித்தி வாட்சைக் கட்டவில்லை. கைக்குட்டை இல்லாத மணிக்கட்டோடு ரயிலேறினாள். காயம் ஆறிவிட்டதென்று டப்பாவில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

புதன்கிழமை மத்தியானம், அரை நாள் பள்ளிக்கூடம். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து வாட்சை எடுத்தேன். எனக்கு அதன் சத்தம் வேண்டியிருந்தது. சாவி கொடுக்காததால் நின்றுபோயிருந்தது. மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, நான் படித்த வரிக்குக் கீழே கொடி வேலைப்பாடு என்று நினைத்திருந்த இடத்தில் வேறென்னவோ இருப்பதுபோல் தோன்றியது. அப்பா பஞ்சாங்கம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். நான்கு இலக்கம். ஒரு வருஷம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கழித்துப் பார்த்தேன், சரியாக வருகிறதா என்று இன்னொரு தடவையும் கழித்தேன். சித்தி பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்னால்.

எனக்குப் புரியாமல் இல்லை. பிறக்காத ஒருத்திக்கு யாரும் என்றென்றும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. இதை அம்மாவிடம் சொன்னால் அம்மா அப்பாவிடம் சொல்வாள், அப்பா ராமு மாமாவிடம், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும். சரியானால் சித்தி துப்பாக்கி நிற்கும் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். என்னிடம் பாஸ் கிடையாது.

வாட்சைப் பழையபடி வைத்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, பால்கனியிலிருந்து கீழே போட்டேன்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் என் வாயில் அந்த எண் இருந்தது. சாப்பிடும்போது இருந்தது. சித்தி எனக்குப் பின்னல் போடும்போது, அவள் விரல்கள் என் பிடரியில் படும்போது, அது உதடு வரை வந்தது. அவளுக்கும் அந்த இரண்டாவது வரி தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தெரிந்திருந்தும், எழுத்தைப் பார்க்காமலே தன் சொல்லை மட்டும் நம்பும் ஒரு ஆளுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பது உறைக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனது.

ஜூன் மாதம் மழை பிடித்த முதல் வாரத்தில், வந்த அதே டிரங்குப் பெட்டியோடு சித்தி செம்பூருக்குக் குடிபோனாள். ஒரு மாமி வீட்டில் ஒற்றை அறை, பிறகு சொந்தமாகச் சின்ன ஃப்ளாட். எங்கே போகக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேனோ, அதற்கு இரண்டு ஸ்டாப் இப்பால். அவள் ஜன்னலுக்குக் கீழேதான் அணுசக்தி நகரின் ஸ்டாஃப் பஸ்கள் காலையும் மாலையும் போகும். நவராத்திரிக்கு வருவாள், தீபாவளிக்கு வருவாள், அம்மாவும் அவளும் முறுக்கு பிழிவார்கள், சிரிப்பார்கள் கூட. அம்மா இறக்கும்வரை அந்தச் சாமானைப் பற்றி இருவரும் பேசவில்லை. சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

போன மாதம் கொலாபாவில் ஒரு பெரிய ஹோட்டலில் பழங்கால நகைக் கடிகாரங்களை ஏலத்துக்கு முன்பாகப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். கறுப்பு வெல்வெட், கண்ணாடி, குளிர். ராணிகள் கட்டியவை, நடிகைகள் கட்டியவை. மோதிரத்துக்குள் கடிகாரம், பதக்கத்துக்குள் கடிகாரம். எதிலும் முள் ஓடவில்லை, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மூலையில் மூடி போட்ட ஒன்று இருந்தது, பூவுக்குப் பதில் சிறுத்தை முகம். கோட்டு போட்ட இளைஞன் வெள்ளைக் கையுறையோடு மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே யாரோ யாருக்கோ எழுதிய ஒரு வரி. சுற்றி நின்ற பெண்கள் மூச்சை இழுத்தார்கள். "இந்த எழுத்துதான் மேடம் இதன் உயிர்," என்றான் ஆங்கிலத்தில். "எழுத்து இருந்தால் மதிப்பு இரண்டு மடங்கு. எல்லோருக்கும் ஒரு காதல் கதை வேண்டியிருக்கிறது." தோழியிடம் சொல்லாமலே வெளியே வந்து டாக்ஸி பிடித்தேன்.

செம்பூரில் சித்தியின் கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். எழுபது கடந்தவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று சொல்வதற்கு முன்பே, "நல்ல வேளை வந்தே, இதை எடுத்துண்டு போ" என்று ஒரு பவுடர் டப்பாவை நீட்டினாள். பஞ்சுக்குள் அந்தப் பூ. சிவப்புக் கல் ஒன்று விழுந்திருந்தது.

கீழ் இதழை நெம்பினேன். நகம் அந்த இடத்தை மறக்கவில்லை. க்ளிக். மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் தங்கம்.

"சித்தி, எழுத்து?"

"தேச்சுட்டேன். இங்க வந்த மொத வாரமே, ஜவேரி பஜார்ல ஒரு தட்டான்கிட்ட."

"ஏன்?"

"ரெண்டு வரி இருந்தது. எல்லாருக்கும் மேல் வரிதான் வேண்டியிருந்தது. கீழ் வரியை வெச்சுண்டு நான் மாத்திரம் என்ன பண்றது?"

"நான் படிச்சேன்," என்றேன். "கீழ் வரியும். அப்பவே. பூதக்கண்ணாடி வெச்சுண்டு." பிறகு அந்த நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த உலகத்தில் அவை இப்போது வேறெங்கும் எழுதியிருக்கவில்லை.

சித்தி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒட்டினாள். சுருக்கம் விழாமல் பெருவிரலால் நீவினாள். கீழே சாலையில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"பாஸ் வேணுமான்னு கேட்டயே," என்றாள் நிமிராமல். "அதுக்கா?"

ஐம்பது வயதைத் தாண்டிய நான் குழந்தையைப் போல் தலையை ஆட்டினேன்.

"அசடு," என்றாள். "குடும்பத்துக்கெல்லாம் பாஸ் குடுப்பாடி. மொத நாளே உனக்கு ஒண்ணு எழுதி வாங்கியிருப்பேனே."

அடுத்த பெட்டியை இழுத்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் போய் இருபது மாடி வந்துவிட்டது. பால்கனிக்குக் கீழே நான் எறிந்த காகிதம் விழுந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பிளாட்பாரத்தில் முள் வைத்த கடிகாரம் இல்லை. சிவப்பு எண்கள் எரிகின்றன, அவற்றைப் பார்த்து யாரும் மணியை மேய்த்துக்கொண்டு போவதில்லை. வாட்ச் என் மேஜையில் இருக்கிறது. ஆச்சரியமாக, சாவி கொடுத்தால் இன்னும் ஓடுகிறது. நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம் பின்தங்குகிற பழக்கத்தையும் அது விடவில்லை. காலையில் சாவி மட்டும் கொடுக்கிறேன். முள்ளைத் திருத்துவதில்லை. எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.